தரைத்தளத்தில் ஒரு கல்யாணம்

ஜூன் 2, திங்கள்

மேலக்கரை டவுன், பத்திர ஆபீஸ் தெரு, பத்திர எழுத்தர் ஆவுடையப்பன் அவர்களின் இளைய மகள், பதினெட்டு வயது நிரம்பிய இசக்கிப்பிரியா ஆகிய நான், சுயநினைவோடும் முழுச் சம்மதத்தோடும் பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும் எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு என்னவென்றால், இன்று அக்கா கல்யாணத்துக்கு நோட்டீஸ் கொடுத்தாயிற்று.

அப்பா எழுதும் எல்லாப் பத்திரமும் இப்படித்தான் தொடங்கும். எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட வாக்கியம், எனக்கும் ஒரு வாய் போடட்டும்.

அக்கா பொன்செல்வி அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். மாப்பிள்ளை ஜோயல் அத்தான் அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காதலித்திருக்கிறார். சாதி வேறு, சாமி வேறு. இரண்டு வீட்டிலும் அழ வேண்டியவர்கள் அழுது முடித்துவிட்டதால் கோயிலும் வேண்டாம், சர்ச்சும் வேண்டாம், பத்திர ஆபீஸே போதும் என்று முடிவு. நோட்டீஸ் ஒரு மாதம் பலகையில் தொங்க வேண்டும். பிறகு சார்பதிவாளர் முன்னால் இருவரும் உறுதிமொழி சொல்ல, மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்றில் ஒருத்தி நான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எனக்குத் தும்மல் வந்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வில்லங்கம் எங்கே என்றால், ஆபீஸ் இருப்பது மாடியில். சார்பதிவாளர் பெயர் திருவேங்கடம். பெயருக்கேற்ற மாதிரி மேலே உட்கார்ந்திருக்கிறார், தரிசனத்துக்குப் படியேறித்தான் போக வேண்டும். நான் இருப்பது சக்கர நாற்காலியில். அதன் பெயர் புல்லட், சத்தம் மட்டும் வராது.

அவர்கள் மேலே போய் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வரும் வரை கீழே காத்திருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, கீழே எனக்காக ஒரு சாய்தளம் கட்டி வைத்திருக்கிறார்கள். பளபளவென்று எவர்சில்வர் கைப்பிடி, மஞ்சள் டைல்ஸ், சுவரில் நீலப் படம். ஆசையாக உருட்டிக்கொண்டு மேலே போனேன். அது போய் முடிகிற இடத்தில் ஒரு கதவு. கதவில் ஒரு பூட்டு. உள்ளே உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்களாம்.

கைப்பிடியில் டீக்கடைக்காரர் துண்டு காயப் போட்டிருந்தார். நல்ல வெயில் வரும் இடம்.

ஜூன் 5, வியாழன்

சாயங்காலம் திருவேங்கடம் சார் இறங்கி வரும் நேரம் பார்த்து, சாய்தளத்துக்குப் பக்கத்தில் புல்லட்டை நிறுத்திக்கொண்டேன். அப்பா கூட நின்றார். சாரைப் பார்த்தால் அப்பாவின் முதுகு தானாக வளையும். இப்போது இடுப்பில் பெல்ட் போட்டிருப்பதால் வளையவில்லை, கழுத்து மட்டும் வளைந்தது.

"சார், அடுத்த மாசம் எங்க அக்கா கல்யாணம். நான் சாட்சி. மேல எப்படி வாரது?"

"நாலு பேர் சேர்ந்து நாற்காலியோட தூக்கிடலாமேம்மா. முடியாதவங்க எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க."

"தூக்க வேண்டாம் சார்."

"அப்ப கீழயே இரு. அங்க உறுதிமொழி முடிஞ்சதும் ரிஜிஸ்டரைக் கீழ கொடுத்து அனுப்புறேன். உக்காந்த இடத்துல கையெழுத்துப் போட்டுடு. உனக்காகச் செய்றேன்."

நல்ல மனுஷன்தான். அதுதான் தொந்தரவு.

"மேல நடக்கதுக்குக் கீழ இருந்து சாட்சியா சார்? நாளைக்கு எவனாவது நீ பாத்தியான்னு கேட்டா, சுவரைப் பாத்தேன்னா சொல்லட்டும்?"

அப்பா இருமினார்.

"சாய்தளம் வேற கட்டியாச்சு," என்றார் சார், எனக்கே பரிசு கொடுத்த மாதிரி.

"அது எங்க சார் போகுது?"

"ரூமுக்கு."

"ரூமுல என்ன இருக்கு?"

"பழைய சாமான்."

"பழைய சாமானெல்லாம் தானா ஏறிப் போகுமா சார்?"

அப்பா இந்த முறை நிஜமாகவே இருமினார், புரை ஏறிவிட்டது. சார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.  வீட்டு வாசலில் அப்பா சொன்னார். "ஏளா, ஊருக்கெல்லாம் வில்லங்கச் சான்று வாங்கிக் குடுக்கேன். என் வீட்டுலயே ஒரு வில்லங்கம் உக்காந்திருக்கு."

ஜூன் 6, வெள்ளி

ராத்திரி அக்கா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஜோயலும் அவிய தம்பியும் பைய தூக்கிருவாவ. ஒரு நிமிஷந்தான். எனக்காக."

"உன் கல்யாணத்துல மாப்பிள்ளை என்னத் தூக்கிட்டுப் போனா, யாரு பொண்ணுன்னு ஊருக்குக் கொழம்பிராதா?"

சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "பேங்க்ல நடந்ததை நெனச்சு சொல்லுதியா?"

"எந்த பேங்க்?" என்றேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஸ்காலர்ஷிப் கணக்குத் தொடங்க, மாடியில் இருந்த ஒரு பேங்குக்கு இரண்டு பேர் தூக்கிப் போனார்கள். நடுப்படியில் ஒருவர் பிடியை மாற்றினார். என் பாவாடை மேலே ஏறிக்கொண்டது. கீழே வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் மேலே பார்த்தார்கள். ஸ்காலர்ஷிப் வந்தது. இதில் எழுத ஒன்றும் இல்லை.

"அப்ப அப்பா தூக்கட்டும்," என்றாள்.

அப்பா அந்தப் பெல்ட்டை 'கேஸ் டிரபிளுக்கு' என்று போட்டிருக்கிறார். நானும் நம்புகிறேன்.

"நீ வேற ஆளைச் சாட்சியா வச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன்.

அவள் எழுந்து போகவில்லை. "உன் பேரைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். அடிக்க மாட்டேன்," என்றாள். எங்கள் வீட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது பரம்பரைப் பழக்கம்.

ஜூன் 9, திங்கள்

குறைதீர்க்கும் நாளில் மனு போட்டேன். ரசீது கொடுத்தார்கள். அழகாக இருந்தது.

ஜூன் 18, புதன்

மனுவுக்கு போனில் மெசேஜாகப் பதில் வந்துவிட்டது. "மனுதாரர் குறிப்பிடும் அலுவலகத்தில் சாய்தளம் ஏற்கெனவே அமைக்கப்பட்டுள்ளது. எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது."

அம்மா தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காஜா கடைக்குப் போனேன். காஜா மைதீன் பத்தாம் வகுப்பு வரை என் பெஞ்ச். இப்போது அவன் மாமாவின் பிளெக்ஸ் கடையைப் பார்த்துக்கொள்கிறான், பத்திர ஆபீசுக்கு நேர் எதிரே. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே ஒரே விலை. சில டிசைன்களை நான்தான் போட்டுக் கொடுப்பேன். அக்கா கல்யாணத்துக்கு நண்பர்கள் சார்பில் ஒரு பிளெக்ஸ் வைப்பதாக முன்பே பேச்சு.

"அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல ஹார்ட்டின் போடவா, மயில் போடவா?"

"ரெண்டும் வேண்டாம். கீழ ஒரு வட்டம் போடு. அதுல திருவேங்கடம் சார் போட்டோ."

"அவரு எதுக்கு?"

"இடத்தை டைப் பண்ணு. சார்பதிவாளர் அலுவலகம், தரைத்தளம். சாய்தளம் வழியாக அனைவரும் வருக."

அவன் கை நின்றது. "ஆபீஸ் மாடியிலல்லா இருக்கு?"

"இன்னும் அடி. முதியோர், மாற்றுத்திறனாளிகள் நலன் கருதி அலுவலகத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றும் எங்கள் ஐயா திருவேங்கடம் அவர்களுக்கு மணமக்கள் குடும்பத்தாரின் நெஞ்சார்ந்த நன்றி."

 நம் ஊரில் பிளெக்ஸில் தன் போட்டோ வந்துவிட்டால் எந்த மனுஷனும் அதைக் கிழிக்க மாட்டான், மழை பெய்தால் குடை பிடிப்பான். இது காஜாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தொழிலே அதுதானே.

"கோட் போட்டு விடவா, வேட்டி சட்டையா?" என்று கேட்டான்.

குடியரசு தினத்தில் சார் கொடியேற்றிய படம் அப்பா போனில் இருந்தது. தலைக்குப் பின்னால் லேசாக ஒளிவட்டம் கொடுத்தோம். அதிகமாகப் போனால் கண்ணீர் அஞ்சலி மாதிரி ஆகிவிடும் என்று காஜா பாதியில் நிறுத்தினான்.

ஜூன் 23, திங்கள்

காஜா பிளெக்ஸை அவன் கடையின் நெற்றியிலேயே கட்டிவிட்டான். சொந்த இடம், அனுமதி கேட்கத் தேவையில்லை. சார் இருக்கைக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் சாரே சாரைப் பார்ப்பார்.

காலையில் பதிவுக்கு வந்தவர்கள் கூடி நின்று படித்தார்கள். ஒருவர் செல்பி எடுத்தார். டீக்கடைக்காரர் கைப்பிடியில் இருந்த துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று அப்பாவை மாடிக்குக் கூப்பிட்டார்கள். இறங்கி வந்து, பேனா மூடியை இரண்டு முறை மூடினார். ஒரே மூடிதான்.

ஜூன் 25, புதன்

அப்பா எழுதிய பத்திரங்கள் மூன்றும் திரும்பி வந்தன. ஒன்றில் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை, சரியில்லையாம், ஒன்றில் மார்ஜின் போதாதாம். முப்பது வருஷமாக அதே மார்ஜின்.

"எப்பா, நான்தான்," என்றேன்.

"தெரியும்," என்றார். "ஒளிவட்டம் வைக்கிற புத்தி நம்ம ஊருல வேற யாருக்கு இருக்கு."

திட்டியிருக்கலாம். சாப்பிடாமல் படுத்தார். கட்டிலில் திரும்பும்போது பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. கேஸ் டிரபிள்.

எனக்கும் பசிக்கவில்லை. மத்தியானம் பஜ்ஜி தின்றதால்.

ஜூன் 26, வியாழன்

ஒப்புக்கொண்டுவிடுவது என்று காலையிலேயே போய் சாய்தளத்துக்குக் கீழே நின்றேன். எனக்கு முன்னாலேயே அங்கே ஓர் ஆள்.

பேச்சியம்மாள் ஆச்சி. நடக்கும்போது முழங்கால் கடகடவென்று சத்தம் போடும். மகள் பேருக்கு வீட்டை எழுதி வைக்க வந்திருக்கிறார். சாய்தளத்தின் மேல், பூட்டிய கதவுக்கு முன்னால், கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஆபீஸ் உதவியாளர் படியில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஆச்சி, ஆபீஸ் மேல. பைய ஏறி வாங்க."

"எய்யா, நான் ஏன் ஏறணும்? அந்தா போட்டுருக்காம்லா, கீழன்னு. என் மருமவன் படிச்சுச் சொன்னான்."

"அது கல்யாண போர்டு."

"கல்யாண போர்டுல பொய் போடுவாவளா? நல்ல காரியமுல்லா."

அவருக்குப் பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் உட்கார்ந்தார். அப்புறம் வயிற்றுப் பிள்ளையோடு ஒரு அக்கா. பிறகு ஒரு குடும்பமே தாத்தாவை ஆட்டோவில் இருந்து இறக்கி அங்கேயே உட்கார வைத்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. பத்திர ஆபீசுக்கு யார் வருவார்கள்? வீட்டையும் வயலையும் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்க வயதானவர்கள்தான் வருவார்கள். இத்தனை நாளாக இத்தனை பேரையும் மூட்டை மாதிரி மேலே ஏற்றியிருக்கிறார்கள். நான் என்னமோ நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேலே ஆபீஸ் காலி. கீழே திருவிழா. கடைசியில் பெருமாளே மலையிறங்கி வந்தார்.

"சார், பிளெக்ஸ் போட்டது நான். அப்பாவுக்குத் தெரியாது. காஜா நான் சொன்னதை டைப் பண்ணான், அவ்வளவுதான். அப்பா பத்திரத்தைத் திருப்பாதீங்க. என்னைத் திட்டுங்க."

திருவேங்கடம் சார் என்னையும் கூட்டத்தையும் பார்த்தார். பிறகு எதிரே பிளெக்ஸில் தன்னையே பார்த்தார்.

"நான் செய்யாத வேலைக்கு எனக்கு நன்றி சொல்லியிருக்கே."

"அட்வான்ஸ் சார்."

"இது எத்தனை குரூப்ல சுத்துது தெரியுமா? துபாய்ல இருந்து மச்சினன் பேசுறான். என் வீட்டுக்காரி ஸ்டேட்டஸ்ல வச்சிருக்கா. கல்யாணம் ஆகி இருபது வருஷத்துல முதல் தடவையா என் போட்டோவை வச்சிருக்கா. நான் யார்கிட்டப் போய் அது பொய்னு சொல்றது?"

"பொய்யா இருந்தாத்தான சார் சொல்லணும்?"

பேச்சியம்மாள் ஆச்சி வெற்றிலைச் சாற்றை ஒதுக்கிக்கொண்டு, "மகராசனா இருப்பீரு," என்று சாருக்குக் கை கூப்பினார். சாரும் கை கூப்பினார். உதவியாளரைப் பார்த்து, "ரிஜிஸ்டரை எடுத்துட்டு வாங்க. இன்னைக்கு மட்டும்," என்றார்.

சாய்தளத்தின் மேல் ஒரு மேசை போட்டு ஆச்சியின் வீட்டைப் பதிவு செய்தார்கள். சார் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 27, வெள்ளி

'இன்னைக்கு மட்டும்' என்று நேற்று சொன்னது இன்றைக்கும் நடந்தது. நேற்றைவிடக் கூட்டம் அதிகம்.

ஜூன் 30, திங்கள்

மாவட்டப் பதிவாளர் அம்மா போன் பண்ணினாராம். உதவியாளர் காஜா கடையில் வந்து நடித்தே காட்டினார். "திருவேங்கடம், மத்த ஆபீசெல்லாம் உங்களைப் பாத்துக் கத்துக்கணும். வெள்ளிக்கிழமை நேர்ல வந்து பாக்குறேன்." சார் எழுந்து நின்று, "எஸ் மேடம், வேலை நடந்துட்டு இருக்கு மேடம்," என்றாராம்.

உடனே கீழே வந்து, "அந்த ரூம் சாவி எங்கய்யா?" என்றார். சாவி, மூன்று வருஷத்துக்கு முன்னால் மாற்றலாகிப் போனவரின் பையில் போயிருக்கிறது. பூட்டை உடைத்தார்கள்.

நான் வாசலில் இருந்து பார்த்தேன். சின்ன அறை இல்லை, நல்ல பெரிய ஹால். கால் ஒடிந்த பெஞ்சுகள், ஓட்டுப்பெட்டிக் காலத்து மறைப்பு அட்டைகள், செத்துப்போன பிரிண்டர்கள். எல்லாவற்றுக்கும் பின்னால், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல், ஒரு சக்கர நாற்காலி. பொதுமக்கள் உபயோகத்துக்கு என்று எழுதி ஒட்டியிருந்தது.

 சாரே போய் உறையைக் கிழித்தார். தூசி பறந்ததில் அவருக்கு வந்த தும்மலும் எனக்கு வருகிற தும்மல் வகைதான் என்று நினைக்கிறேன்.

"காத்து அடிக்கணும் சார்," என்றேன். "இங்க குடுங்க, எங்கிட்ட பம்ப் இருக்கு."

ஜூலை 3, வியாழன்

பழைய சாமான் எல்லாம் மாடிக்குப் போகிறது. மேசையும் கம்ப்யூட்டரும் கைரேகை மிஷினும் கீழே வருகின்றன. தெருவில் இருக்கிற பத்திர எழுத்தர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு கை பிடித்தார்கள். அப்பாவும் போய் பீரோவைப் பிடிக்கப் பார்த்தார்.

"ஆவுடையப்பன், நீங்க அந்தப் பக்கம் போங்க," என்றார் சார். "இடுப்பு பெல்ட்டோட பீரோ தூக்குறாராம். உங்க பத்திரம் மூணும் மேசையில இருக்கு, பாத்துட்டேன். மார்ஜின் சரியாத்தான் இருக்கு."

அப்பா திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். "கேஸ் டிரபிள்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுப்பா," என்றேன். அவர் சிரித்ததில் இடுப்பு வலித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

ஜூலை 4, வெள்ளி

மாவட்டப் பதிவாளர் அம்மா வந்தார், சாய்தளத்தில் நடந்து பார்த்தார், பாராட்டினார். கதவுப் பக்கம் இருந்த சின்னத் திட்டை மட்டும் நான் காட்டினேன். புல்லட் அங்கே முட்டும். "நாளைக்கே சரி பண்ணிடுறோம் மேடம், இது ஆரம்பத்துல இருந்தே என் கவனத்துல இருக்கு," என்றார் சார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எனக்குச் சமமான ஆளை இந்த ஊரில் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

அக்காவுக்கு அரக்குப் பட்டு. எனக்கு மயில்கழுத்து நிறத்தில் பாவாடை தாவணி. பேங்குக்குப் பிறகு இன்றுதான் சுடிதார் அல்லாத ஒன்றை வெளியே கட்டிக்கொண்டு போகிறேன். சும்மா, கலர் பிடித்திருந்தது.

காலையிலேயே போனோம். சாய்தளத்தில் நானே ஏறினேன். அத்தான் பின்னால் கை வைக்க வந்தார், அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள். திட்டு இருந்த இடம் வழவழவென்று இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே போனேன். உள்ளே போனேன் என்று எழுதவே நன்றாக இருக்கிறது.

உள்ளே டோக்கன். எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை. ஒரு அம்மா என்னைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினார். "பாவம், அந்தப் பிள்ளைய முதல்ல விடுங்கய்யா."

"வேண்டாம் அத்தை. வரிசையிலயே வாரேன்."

காக்க வைத்தார்கள், பாருங்கள், அப்படிக் காக்க வைத்தார்கள். சர்வர் போனது, வந்தது. நடுவில் டீ குடிக்கப் போனார்கள். மல்லிகைப் பூ வாடியது, ஜோயல் அத்தானுக்கு வேர்த்து ஊற்றியது. எல்லாரும் முணுமுணுத்தார்கள், நானும் சேர்ந்து முணுமுணுத்தேன். கூட்டத்தோடு கூட்டமாக ஆபீசைத் திட்டுவதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எங்கள் எண் வந்தது. அக்கா உறுதிமொழி சொன்னாள். 'சட்டப்படியான கணவராக' என்ற இடத்தில் அவள் குரல் உடைந்தது. அத்தான் தன் பெயரையே தப்பாகச் சொல்லித் திருத்தினார். அவருடைய அம்மா எங்கள் அம்மாவின் முந்தானையில் கண்ணைத் துடைத்தார். எல்லாவற்றையும் ஒரு கை தூரத்தில் இருந்து பார்த்தேன்.

"சாட்சி இசக்கிப்பிரியா," என்றார் திருவேங்கடம் சார்.

மேசையின் உயரம் புல்லட்டுக்குச் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். "அடுத்த கட்டத்துக்குள்ள போகுதும்மா," என்றார் சார். பரவாயில்லை, இடம் இருக்கிறது.

திரும்பினால் அப்பா. இத்தனை வருஷமாக எந்த ஆபீசுக்குப் போனாலும் என்னைத் தூக்குவதற்கென்றே வைத்திருந்த இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல், முன்னால் கட்டிப் பார்த்து, பின்னால் கட்டிப் பார்த்து, கடைசியில் சும்மா தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

அக்காவும் அத்தானும் மாற்றிக்கொள்ள என் மடியில் வைத்திருந்த மாலை இரண்டையும் எடுத்து அந்தக் கைகளில் கொடுத்தேன்.

"பிடிங்கப்பா. எடுத்துக் குடுக்க ஆள் வேணும்லா."